கன்சல்டன்ட் யார், காண்ட்ராக்டர் யார்? துறைக்குத் துறை மாறும் அர்த்தம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவையில் வருமான வரி, ஜி.எஸ்.டி. கணக்கு பார்க்கும் ஒரு சிறிய அலுவலகத்தில் பல வருடமாக வேலை செய்கிறேன். என் மேசைக்கு எதிரே வந்து உட்காருபவர்களில் வீடு கட்டித் தருபவர் உண்டு, திருப்பூரில் தையல் ஆட்களை வைத்து வேலை எடுப்பவர் உண்டு, டாக்டர் உண்டு, வீட்டில் இருந்தபடியே பெங்களூர் கம்பெனிக்கு புரோகிராம் எழுதும் பெண்ணும் உண்டு. "என்ன தொழில்னு போடறது?" என்று கேட்டால் பாதிப் பேர் கன்சல்டன்ட் என்பார்கள், மீதிப் பேர் காண்ட்ராக்டர் என்பார்கள். ஆனால் ஒருவர் சொல்லும் காண்ட்ராக்டருக்கும் இன்னொருவர் சொல்லும் காண்ட்ராக்டருக்கும் சம்பந்தமே இருக்காது. இந்தக் குழப்பத்தில் பி.எஃப். இழந்தவர்களையும், கட்டின பணத்தை இழந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை அதனால்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

சுருக்கமாக, இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

சொல்லின் அடிப்படை அர்த்தம் எளிது. கன்சல்டன்ட் யோசனை சொல்பவர். காண்ட்ராக்டர் ஒரு வேலையை முடித்துத் தருவதாக ஒப்புக்கொண்டவர். முதலாமவரிடம் நீங்கள் வாங்குவது அவருடைய அறிவை. இரண்டாமவரிடம் வாங்குவது முடிந்த வேலையை.

இந்தப் பிரிவு ஏறக்குறைய அப்படியே நிற்பது கட்டடத் துறையில்தான். மற்ற இடங்களில் இரண்டு சொல்லும் வேலையின் தன்மையை விட்டு விலகி, ஆளை எந்தக் கணக்கில் வைத்திருக்கிறார்கள் என்பதைச் சொல்லும் சொல்லாகிவிட்டன. அதனால் யாராவது தன்னைக் கன்சல்டன்ட் என்றாலும் காண்ட்ராக்டர் என்றாலும் நான் மூன்று விஷயம் கேட்பேன். உங்களுக்குப் பணம் யார் கணக்கிலிருந்து வருகிறது? வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்று யார் சொல்கிறார்கள்? வேலை கெட்டுப்போனால் நஷ்டம் யார் தலையில் விழும்? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் பெயர் என்னவாக இருந்தாலும் விஷயம் பிடிபட்டுவிடும்.

வீடு கட்டப் போகிறோம். இன்ஜினியர், காண்ட்ராக்டர், மேஸ்திரி மூன்று பேரும் வேறு வேறா?

வேறு வேறுதான். ஆனால் நம் ஊரில் சின்ன வீடுகளுக்கு ஒரே ஆள் மூன்று வேடமும் போடுவது சகஜம். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பிளான் போட்டு, எவ்வளவு கம்பி, என்ன கனம் என்று கணக்குப் போட்டு வரைபடம் தருபவர் கன்சல்டன்ட். அவர் ஆர்க்கிடெக்டாக இருக்கலாம், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியராக இருக்கலாம். அந்த வரைபடத்தை வைத்துக் கட்டி முடித்துத் தருபவர் காண்ட்ராக்டர். அவருக்குக் கீழே கொத்தனார், சித்தாள், கம்பி கட்டுபவர், சென்ட்ரிங் அடிப்பவர் என்று ஆட்களை வைத்து வேலை வாங்குபவர் மேஸ்திரி. சில இடங்களில் பொருளை நீங்களே வாங்கித் தருவீர்கள், மேஸ்திரி கூலிக்கு மட்டும் வேலை எடுப்பார். அது லேபர் காண்ட்ராக்ட். சிமென்ட், கம்பி, மணல் எல்லாம் சேர்த்துச் சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசினால் மெட்டீரியல் காண்ட்ராக்ட்.

என்னிடம் கணக்குப் பார்க்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் சொன்னதை இங்கே சொல்ல வேண்டும். தளம் போடும் நாளன்று காலை ஆறு மணிக்கே மாடி ஏறியிருக்கிறார். மிக்சர் மெஷின் வரவில்லை, கம்பி கட்டி முடித்துத் தயாராகக் கிடக்கிறது. கையில் வைத்திருந்த டேப்பைப் பிடித்து அளந்தால் கம்பிக்கும் கம்பிக்கும் எட்டு அங்குல இடைவெளி. வரைபடத்தில் போட்டிருந்தது ஆறு அங்குலம். கம்பிக்கு அடியில் வைக்க வேண்டிய கவர் பிளாக்கும் பாதி இடத்தில் இல்லை. உடனே இன்ஜினியருக்குப் போன் செய்தார். அவர் சொன்ன பதில்: "சார், நான் டிராயிங் மட்டும்தான் கொடுத்தேன். சைட்டுக்கு வந்து பார்க்கறது நம்ம ஃபீஸ்ல இல்லையே."

அந்த இன்ஜினியர் சொன்னது பொய் இல்லை. அவர் டிராயிங் கன்சல்டன்ட். மேற்பார்வைக்குத் தனியாகப் பேசவில்லை. காண்ட்ராக்டர் வேலையைக் காண்ட்ராக்டரே சரிபார்க்கும் நிலை வந்துவிட்டது. ஆசிரியர் அன்றைக்குக் காங்கிரீட்டை நிறுத்தி, கம்பியை மறுபடி கட்டவைத்தார். அவருக்கு டேப் பிடிக்கத் தெரிந்திருந்தது. எல்லோருக்கும் அப்படி அமையாது. ஆகவே இன்ஜினியரிடம் பேசும்போதே "எத்தனை முறை சைட்டுக்கு வருவீங்க, எந்தெந்தக் கட்டத்துல வருவீங்க" என்று கேட்டு எழுதி வாங்குங்கள். அஸ்திவாரம், பெல்ட், தளம் போடும் முன் என்று குறிப்பாக இருக்கட்டும். முடிந்தால் டிசைன் செய்பவரும் கட்டுபவரும் ஒரே ஆளாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கட்டின வீட்டில் விரிசல் வந்தால் யாரைக் கேட்பது?

அடுக்குமாடியில் ஃபிளாட் வாங்கியிருந்தால் 2016ஆம் ஆண்டு ரெரா சட்டப்படி, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, ஒப்படைத்த நாளிலிருந்து 5 வருடத்துக்குள் வரும் கட்டமைப்புக் குறையை, கட்டி விற்ற புரமோட்டர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். ஆனால் சொந்த இடத்தில் காண்ட்ராக்டரை வைத்துக் கட்டிய வீட்டுக்கு ரெரா வராது. அங்கே உங்களுக்குத் துணை உங்கள் அக்ரிமென்ட்டும் நுகர்வோர் சட்டமும்தான். வீடு கட்டித் தருவது நுகர்வோர் சட்டத்தில் சேவை என்றே சொல்லப்பட்டிருக்கிறது. அதனால் வாய்ப்பேச்சாக விடாமல் முத்திரைத்தாளில் எழுதி, குறை வந்தால் எத்தனை மாதம் வரை பொறுப்பு என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

மெட்ரோ, பாலம் மாதிரிப் பெரிய திட்டங்களில் எப்படி?

அங்கே பிரிவு இன்னும் கறாராக இருக்கும். ஃபிடிக் என்று ஓர் அமைப்பு உண்டு; ஆலோசனைப் பொறியாளர்களின் சர்வதேசக் கூட்டமைப்பு, 1913இல் தொடங்கியது. அவர்களுடைய சிவப்புப் புத்தகம் என்கிற மாதிரி ஒப்பந்தத்தில் மூன்று பாத்திரங்கள்: வேலை கொடுப்பவர், காண்ட்ராக்டர், இன்ஜினியர். இந்த இன்ஜினியர் பெரும்பாலும் ஒரு கன்சல்டன்ட் நிறுவனம். காண்ட்ராக்டர் போடும் பில்லை அளந்து பார்த்துச் சான்று கொடுப்பது அவர்தான்.

தேர்ந்தெடுக்கும் விதமும் வேறு. காண்ட்ராக்டரை எடுக்கும்போது தகுதியுள்ளவர்களில் யார் குறைந்த விலை போட்டார் என்பதே பெரும்பாலும் முடிவு செய்யும். கன்சல்டன்டை எடுக்கும்போது அனுபவத்துக்கும் வேலைத் திட்டத்துக்கும் மதிப்பெண் போட்டு, அதோடு விலையையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். மத்திய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளில் இரண்டுக்கும் தனித்தனி நடைமுறை இருக்கிறது. அறிவை மலிவாக வாங்கினால் பின்னால் காங்கிரீட்டில் செலவு வரும் என்று இந்த விதியை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. வீடு கட்டும் நாமோ இன்ஜினியர் ஃபீஸில் பேரம் பேசுகிறோம்.

திருப்பூரில் "பனியன் கம்பெனி காண்ட்ராக்டர்" என்கிறார்களே, அவர் யார்?

இவரிடம் கட்டடமும் இருக்காது, மெஷினும் இருக்காது. இரண்டும் கம்பெனிக்காரருடையது. காண்ட்ராக்டர் கொண்டுவருவது ஆட்களை. ஓவர்லாக் தையல் மெஷினுக்கு இத்தனை பேர், ஃபிளாட்லாக் மெஷினுக்கு இத்தனை பேர், கைமடிக்க, செக்கிங் பார்க்க, பேக்கிங் செய்ய என்று ஆள் திரட்டி, பீஸுக்கு இவ்வளவு என்று கம்பெனியிடம் பேசிக்கொள்கிறார். அவர் ஆட்களுக்கு பீஸ் ரேட்டாகவோ ஷிப்ட் கணக்காகவோ வாரச் சம்பளம் கொடுக்கிறார்.

என்னிடம் வரும் ஒருவர் நீளமான நோட்டு ஒன்றை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு வருவார். இடது ஓரம் பெயர்கள், மேலே திங்கள் முதல் சனி வரை கட்டங்கள். கட்டத்துக்குள் 1, 1½, சில நாள் 2. ஒன்றரை என்றால் ஒன்றரை ஷிப்ட். கடைசிக் கட்டத்தில் முன்பணம் பிடித்தது போக மீதி. அவருடைய வங்கிக் கணக்கில் மாதம் நாலு லட்சம் வந்து விழும். பார்ப்பவர்களுக்குப் பெரிய பணக்காரர். அந்த நோட்டைக் கூட்டினால் மூன்றரை லட்சத்துக்கு மேல் ஆட்களுக்கே போயிருக்கும். ஷிப்மென்ட் தள்ளிப்போய் கம்பெனி பில்லை நிறுத்தினால் சனிக்கிழமை ஆட்கள் அவர் வீட்டு வாசலில்தான் நிற்பார்கள்.

சட்டம் இந்த இடத்தில் தொழிலாளி பக்கம் நிற்கிறது. காண்ட்ராக்டர் சம்பளம் கொடுக்கவில்லை என்றால் கம்பெனிக்காரர், அதாவது முதன்மை வேலையளிப்பவர், கொடுத்தாக வேண்டும். 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தில் 20 பேர் இருந்தால் இந்த விதிகள் வந்தன. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அந்த எண்ணிக்கையை 50 ஆக்கிவிட்டது. சின்ன காண்ட்ராக்டரிடம் வேலை செய்யும் தையல்காரருக்கு இது இழப்பு என்றே நான் நினைக்கிறேன்.

என் மகன் ஐ.டி. கம்பெனியில் "காண்ட்ராக்டர்" என்கிறான். அப்படியென்றால் அவன் ஆள் வைத்து வேலை செய்கிறானா?

இல்லை. பெற்றோர் பலர் இதைக் கேட்டிருக்கிறார்கள். நம் பேச்சில் காண்ட்ராக்டர் என்றால் பத்துப் பேருக்கு வேலை கொடுப்பவர். ஐ.டி.யில் அந்தச் சொல் வேலை செய்யும் ஆளையே குறிக்கும். அவர் நிரந்தர ஊழியர் இல்லை. ஆறு மாதமோ ஒரு வருடமோ ஒரு புராஜெக்ட்டுக்கு எடுக்கப்பட்டவர் என்று பொருள். "காண்ட்ராக்ட்ல இருக்கேன்" என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான்.

அதிலும் மூன்று வகை இருக்கிறது, உங்கள் மகனிடம் கேட்டுப் பாருங்கள். ஒன்று, கம்பெனியே நேரடியாகக் காலவரையறை வைத்து எடுத்திருக்கும். இவர் முழு ஊழியர், பி.எஃப். உண்டு, புதிய சட்டத் தொகுப்பின்படி ஒரு வருடம் முடித்தாலே கிராஜுவிட்டியும் (பணிக்கொடை) உண்டு. இரண்டு, வேறொரு ஏஜென்சியின் பேரோலில் (சம்பளப் பட்டியலில்) இருந்துகொண்டு இந்தக் கம்பெனியில் உட்கார்ந்து வேலை செய்வார். தேர்டு பார்ட்டி பேரோல் என்பது அதுதான், பி.எஃப். ஏஜென்சி கட்ட வேண்டும். மூன்று, யார் பேரோலிலும் இல்லாமல் மாதாமாதம் பில் அனுப்பிப் பணம் வாங்குவார். இவர் ஒருவர்தான் உண்மையிலேயே தனித் தொழில் செய்பவர்.

அதே கம்பெனியில் பக்கத்து சீட்காரர் "கன்சல்டன்ட்" என்கிறார். அவர் பெரிய பதவியா?

பல சேவை நிறுவனங்களில் கன்சல்டன்ட் என்பது ஊழியர்களின் பதவிப் படிநிலையில் ஒரு படி. அசோசியேட், கன்சல்டன்ட், சீனியர் கன்சல்டன்ட் என்று போகும். அவர் நிரந்தர ஊழியர், சம்பளச் சீட்டு வாங்குகிறார். வாடிக்கையாளர் கம்பெனியிடம் மணிக்கு இவ்வளவு என்று அவர் நேரத்தை விற்பதால் இந்தப் பெயர். யோசனை சொல்வது அவர் வேலையாக இருக்கலாம், இல்லாமல் நாள் முழுக்க புரோகிராம் எழுதிக்கொண்டும் இருக்கலாம்.

"கன்சல்டன்சி மூலமா வேலை கிடைச்சுது" என்கிறார்களே?

அது வேறு விஷயம். தமிழ்நாட்டில் கன்சல்டன்சி என்று தனியாகச் சொன்னால் வேலை வாங்கித் தரும் ஏஜென்சி என்றே அர்த்தம். உள்ளூர் வேலைக்கு ஆள் பிடித்துக் கொடுப்பதற்கு ஒழுங்கான ஏஜென்சி கம்பெனியிடம்தான் கமிஷன் வாங்கும். உங்களிடம் "ரிஜிஸ்ட்ரேஷன்", "டிரெயினிங்" என்று பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

வெளிநாட்டு வேலை என்றால் இன்னும் கவனம். 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி ஆள் அனுப்பும் ஏஜென்ட் மத்திய அரசில் பதிவு செய்து உரிமம் வாங்கியிருக்க வேண்டும். வேலைக்குப் போகிறவரிடம் அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதற்கு ஜி.எஸ்.டி. தனி. உரிமம் இருக்கிறதா என்று இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்க்கலாம். போர்டில் "ஓவர்சீஸ் கன்சல்டன்ட்ஸ்" என்று இருப்பது உரிமம் ஆகாது. வளைகுடா வேலைக்கு என்று நகையை அடகு வைத்து இரண்டு லட்சம் கட்டிவிட்டு வந்து என்னிடம் "இதை வரியில கழிக்க முடியுமா" என்று கேட்ட ஒரு தம்பியின் முகம் இன்னும் மறக்கவில்லை. அவரிடம் ரசீதுகூட இல்லை.

அமெரிக்காவில் இருக்கும் உறவினர் "கன்சல்டிங் கம்பெனி" என்கிறார். அங்கே என்ன அர்த்தம்?

அங்கே இருக்கும் நம்மவர்கள் பேச்சில், எச்-1பி என்ற வேலை விசா எடுத்து, வேறொரு பெரிய கம்பெனியின் புராஜெக்ட்டுக்கு ஆளை அனுப்பும் நிறுவனமே கன்சல்டன்சி. ஆள் அனுப்பப்படும் இடம் கிளையன்ட். புராஜெக்ட் இல்லாமல் காத்திருந்தால் பெஞ்ச். கிளையன்ட் அலுவலகத்தில் அவரைக் காண்ட்ராக்டர் என்பார்கள், அனுப்பிய நிறுவனம் கன்சல்டன்ட் என்னும், அமெரிக்கச் சட்டம் அவரை அந்த நிறுவனத்தின் ஊழியர் என்கிறது. ஒரே ஆளுக்கு மூன்று பெயர்.

இதில் சட்டம் வைக்கும் பெயர்தான் சோறு போடும். ஊழியருக்கு வருட முடிவில் டபிள்யூ-2 படிவம் வரும். தனித்துப் பில் போடுபவருக்கு 1099 வரும். எச்-1பியில் இருப்பவர் அந்த விசாவை எடுத்த நிறுவனத்தின் ஊழியர், அவரை 1099இல் வைக்க முடியாது. புராஜெக்ட் இல்லை என்று நிறுவனமே பெஞ்சில் உட்காரவைத்தால் அந்த நாட்களுக்கும் சம்பளம் கொடுக்க வேண்டும். இது தெரியாமல் பெஞ்ச் மாதங்களைப் பட்டினியாகக் கழித்தவர்கள் உண்டு.

பத்திரிகைகளிலும் இதே குழப்பம். 2013இல் அமெரிக்க உளவு ரகசியங்களை வெளியிட்ட எட்வர்ட் ஸ்னோடென் பூஸ் ஆலன் ஹாமில்டன் என்ற கன்சல்டிங் நிறுவனத்தின் ஊழியர். செய்திகளில் அவர் "காண்ட்ராக்டர்". காரணம், அரசாங்கத்தின் பக்கமிருந்து பார்த்தால் வெளியாள் எல்லோரும் காண்ட்ராக்டர்தான்.

பிரிட்டனில் காண்ட்ராக்டர்கள் "ஐஆர்35" என்று பயப்படுகிறார்களே?

1999இல் அந்நாட்டு வரித்துறை வெளியிட்ட செய்திக்குறிப்பின் எண் அது. 2000 ஏப்ரலில் சட்டம் வந்தது. தன் பெயரில் ஒரு சிறு கம்பெனி வைத்துக்கொண்டு, அதன் வழியே ஒரே இடத்தில் ஊழியர் மாதிரி வேலை செய்தால், நீ ஊழியர்தான், ஊழியருக்குரிய வரியைக் கட்டு என்பது அதன் சாரம். யார் ஊழியர் என்று முடிவு செய்யும் பொறுப்பை 2017இல் அரசுத் துறைகளுக்கும், 2021இல் நடுத்தர, பெரிய தனியார் நிறுவனங்களுக்கும் மாற்றினார்கள். அதற்குப் பிறகு பல நிறுவனங்கள் இப்படி ஆள் எடுப்பதையே நிறுத்திவிட்டன.

மருத்துவமனையில் கன்சல்டன்ட் என்றால்?

எனக்கு மிகவும் வியப்பான துறை இது. ஒரே சொல் இரண்டு நாட்டில் ஏறக்குறைய எதிரெதிர் அர்த்தத்தில் வருகிறது.

பிரிட்டனில் கன்சல்டன்ட் என்பவர் மருத்துவமனையின் மூத்த நிபுணர். நோயாளி அவர் பெயரில் சேர்க்கப்படுகிறார், கடைசிப் பொறுப்பு அவருடையது. பொது மருத்துவச் சேவையில் நிரந்தரமாக அந்தப் பதவிக்கு வர நிபுணர் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். அரசுச் சம்பளம் வாங்கும் ஊழியர் அவர். அமெரிக்காவில் அந்தக் கடைசிப் பொறுப்பு உள்ளவரை அட்டெண்டிங் என்பார்கள். கன்சல்டன்ட் என்பவர், அந்த அட்டெண்டிங் கூப்பிட்டால் வந்து தன் துறைக் கருத்தைச் சொல்லிவிட்டுப் போகிறவர்.

இலங்கை பிரிட்டன் வழியைப் பின்பற்றுகிறது; அங்கே தமிழில் "விசேட வைத்திய நிபுணர்" என்று அழகாகச் சொல்கிறார்கள். நம் தனியார் மருத்துவமனைகளில் போர்டில் இருக்கும் கன்சல்டன்ட் பெரும்பாலும் ஊழியர் இல்லை. பார்க்கும் நோயாளிக்கு ஏற்ப ஃபீஸ் வாங்குபவர், மூன்று மருத்துவமனைகளுக்குப் போகிறவர். இரவில் வார்டில் இருப்பது டியூட்டி டாக்டர்.

"அவர் எங்க ஸ்டாஃப் இல்லை, விசிட்டிங் கன்சல்டன்ட்" என்று சொல்லி மருத்துவமனை கைகழுவ முடியுமா என்றால், முடியாது. சவிதா கார்க் வழக்கில் 2004இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. டாக்டர் நிரந்தர ஊழியரா, வருகை தருபவரா என்பது மருத்துவமனையின் உள்விவகாரம். நோயாளி நம்பி வந்தது மருத்துவமனையை.

எனக்கு வந்த ஆஃபர் லெட்டரில் "கன்சல்டன்ட்" என்று போட்டிருக்கிறது. மாதம் 60,000. சேரலாமா?

முதலில் கடிதத்தில் சம்பளம் என்று இருக்கிறதா, புரொபஷனல் ஃபீஸ் என்று இருக்கிறதா பாருங்கள். ஃபீஸ் என்றால் நீங்கள் ஊழியர் இல்லை. கையில் வருவது 54,000. 10 சதவீதம் டி.டி.எஸ்., அதாவது முன்கூட்டியே வரி, பிடித்துவிடுவார்கள்.

பயப்பட வேண்டாம், அந்தப் பணம் போய்விடாது. வருடத்துக்கு 7,20,000 ஃபீஸ். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44ஏடிஏ பிரிவில் ஐ.டி., இன்ஜினியரிங், மருத்துவம், சட்டம் போன்ற தொழில்களுக்குப் பாதி வருமானத்தைச் செலவாக எடுத்துக்கொண்டு மீதிப் பாதியைக் காட்டலாம். 3,60,000 மட்டுமே வருமானம். 2025-26 நிதியாண்டின் புதிய வரி முறையில் 4 லட்சம் வரை வரியே இல்லை. பிடித்த 72,000 ரூபாயும் ரிட்டர்ன் போட்டால் திரும்ப வந்துவிடும். எத்தனையோ பேர் ரிட்டர்ன் போடாமல் இதை விட்டுவிடுகிறார்கள்.

வரியில் லாபம்தான். ஆனால் எதிர்ப்பக்கம் இருக்கிறது. பி.எஃப். இல்லை, கிராஜுவிட்டி இல்லை, பிரசவ விடுப்பு இல்லை, மருத்துவக் காப்பீடு நீங்களே எடுக்க வேண்டும். வங்கியில் வீட்டுக் கடன் கேட்டால் சம்பளச் சீட்டுக்குப் பதிலாக இரண்டு மூன்று வருட ரிட்டர்ன் கேட்பார்கள். ஒரு பெண், ஒரே அலுவலகத்தில் நாலு வருடம் கன்சல்டன்டாக இருந்தவர், பிரசவத்துக்காக மூன்று மாதம் கேட்டபோது ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை என்று ஒரு வரி மின்னஞ்சல் வந்தது. அவர் விரல் ரேகை வைத்து ஒன்பதரைக்கு உள்ளே போய், லீவுக்கு மேனேஜரிடம் அனுமதி வாங்கி, அலுவலக மடிக்கணினியில் வேலை செய்தவர். என் பார்வையில் அவர் ஊழியர்தான். கடிதத்தில் மட்டும் வேறு பெயர்.

ஊழியர் மாதிரியே நடத்தப் போகிறார்கள் என்றால், ஊழியராகவே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். அது முடியாது என்றால் ஃபீஸை உயர்த்திக் கேளுங்கள். இழக்கும் பி.எஃப்., காப்பீடு, விடுப்பு மூன்றுக்கும் ஈடாக அதே வேலையின் சம்பளத்தைவிடக் கால்பங்காவது கூடுதலாக இருந்தால்தான் கட்டுபடியாகும் என்பது என் அனுபவம். எத்தனை நாள் முன்னறிவிப்பு என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்.

பெயர் கன்சல்டன்ட், வேலை ஊழியருடையது. நீதிமன்றம் எதைப் பார்க்கும்?

உண்மையில் நடப்பதைப் பார்க்கும். இதற்கு 1950களிலேயே உச்ச நீதிமன்றம் வழிகாட்டியிருக்கிறது. சௌராஷ்டிரத்தில் தாரங்கதாரா கெமிக்கல் ஒர்க்ஸ் என்ற நிறுவனத்தின் உப்பளங்களில் அகரியாக்கள் என்ற உப்பு எடுப்பவர்கள் குடும்பத்தோடு வேலை செய்தார்கள். நேரக் கட்டுப்பாடு இல்லை, வருகைப் பதிவேடு இல்லை, எடுத்த உப்பின் எடைக்கு, மணங்குக் கணக்கில் கூலி, தேவைப்பட்டால் அவர்களே ஆள் வைத்துக்கொள்ளலாம். இவர்கள் காண்ட்ராக்டர்கள் என்று நிறுவனம் வாதாடியது. ஆனால் பாத்தி பிரித்துக் கொடுப்பதிலிருந்து உப்பின் தரம் பார்ப்பது வரை நிறுவனத்தின் மேற்பார்வைதான் என்பதைப் பார்த்து, அவர்கள் தொழிலாளர்களே என்ற முடிவை நீதிமன்றம் ஏற்றது. வேலையை எப்படிச் செய்வது என்று கட்டுப்படுத்தும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதே அளவுகோல்.

1978இல் ஹுசைன்பாய் வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் ஒரு படி மேலே போனார். கேரளத்தில் கயிறு ஆலை ஒன்றில் இடையில் காண்ட்ராக்டர்களை வைத்து ஆட்களை எடுத்திருந்தார்கள். திரையை விலக்கிப் பார்த்தால் பிழைப்பே அந்த ஆலையை நம்பி இருக்கிறது, ஆகவே ஆலை முதலாளியே வேலையளிப்பவர் என்று தீர்ப்பு வந்தது. ஆனால் வழக்கு என்று போனால் வருடங்கள் ஆகும். வருகைப் பதிவு, மேனேஜர் அனுப்பிய மின்னஞ்சல், லீவு அனுமதி எல்லாவற்றையும் எடுத்து வைத்திருந்தால்தான் பேச முடியும்.

வரித்துறை இரண்டையும் எப்படிப் பிரிக்கிறது?

பழைய வருமான வரிச் சட்டத்தில் டி.டி.எஸ். பிடிக்க 194சி பிரிவு காண்ட்ராக்டருக்கு, 194ஜே பிரிவு தொழில்நிபுணருக்கு. 194சியில் தனிநபருக்கு 1 சதவீதம், கம்பெனி, கூட்டு நிறுவனங்களுக்கு 2 சதவீதம். 194ஜேயில் நிபுணர் ஃபீஸுக்கு 10, தொழில்நுட்பச் சேவைக்கு 2. காண்ட்ராக்டருக்கு ஏன் குறைவு என்றால் திருப்பூர் காண்ட்ராக்டரின் அந்த நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள்: வரும் பணத்தில் பெரும்பகுதி ஆட்களுக்கும் பொருளுக்கும் போய்விடும். நிபுணருக்கு வருவதில் பெரும்பகுதி அவருக்கே நிற்கும் என்று சட்டம் எடுத்துக்கொள்கிறது. 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டத்துக்கு நடைமுறைத் தேதி 2026 ஏப்ரல் 1. அதில் பிரிவு எண்கள் மாறுகின்றன. எங்கள் வட்டாரத்தில் எல்லோர் வாயிலும் இன்னும் சி, ஜே தான்.

யார் வேண்டுமானாலும் கன்சல்டன்ட் என்று போட்டுக்கொள்ளலாமா?

பொதுவாகத் தடையில்லை. டாக்ஸ் கன்சல்டன்ட், லோன் கன்சல்டன்ட், விசா கன்சல்டன்ட் என்று யாரும் போர்டு வைக்கலாம். ஆனால் ஆர்க்கிடெக்ட் என்ற பெயரை 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆர்க்கிடெக்சர் கவுன்சிலில் பதிவு செய்தவர் மட்டுமே போட்டுக்கொள்ளலாம். முதலீட்டு ஆலோசகர் என்று ஃபீஸ் வாங்க பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் 2013ஆம் ஆண்டு விதிகளின்படி பதிவு வேண்டும். கன்சல்டன்ட் என்ற சொல்லுக்குப் பின்னால் பதிவு எண் ஏதாவது இருக்கிறதா என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

தமிழில் இவர்களை எப்படி எழுதுவது?

ஒரே சொல்லால் மொழிபெயர்க்கப் போனால்தான் தப்பு வரும். யோசனை சொல்பவர் ஆலோசகர். டெண்டர் எடுத்து வேலை முடிப்பவர் ஒப்பந்ததாரர். அரசு அறிவிப்புகளில் ஒப்பந்தப்புள்ளி என்ற நல்ல சொல் டெண்டருக்கு நிலைத்துவிட்டது. ஐ.டி. காண்ட்ராக்டரை ஒப்பந்தப் பணியாளர் என்றே எழுத வேண்டும், ஒப்பந்ததாரர் என்றால் அர்த்தமே தலைகீழாகிவிடும். மருத்துவ கன்சல்டன்ட் நிபுணர். ஆள் திரட்டி மேற்பார்க்கும் காண்ட்ராக்டருக்கு நம்மிடம் பழைய சொல்லே இருந்தது: கங்காணி. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலாயா ரப்பர் தோட்டங்களுக்கும் ஊரிலிருந்து ஆள் சேர்த்துக் கூட்டிப்போனவர் அவர். முன்பணம், கடன், ஆள் கணக்குக்குத் தலைக்காசு என்று அந்த முறை பட்ட கசப்பால் சொல்லும் கசந்துவிட்டது.

கடைசியாக, ரிட்டர்னில் என் தொழில் எதுவென்று போடுவது?

முதலில் உங்களிடம் பிடித்த டி.டி.எஸ். விவரம் இருக்கும் 26ஏஎஸ் படிவத்தை இறக்கிப் பாருங்கள். பணம் கொடுத்தவர் எந்தப் பிரிவில் பிடித்திருக்கிறார் என்று அதில் இருக்கும். நீங்கள் புரோகிராம் எழுதும் நிபுணர், அவர்கள் காண்ட்ராக்டர் கணக்கில் பிடித்திருந்தால், வருடம் முடிவதற்குள் சொல்லித் திருத்தச் சொல்லுங்கள். பில்லிலும் என்ன வேலை என்று தெளிவாக எழுதுங்கள். "கன்சல்டன்சி சார்ஜஸ்" என்று மொட்டையாகப் போடாமல், "மார்ச் மாத மென்பொருள் வடிவமைப்பு, 21 நாள்" என்று போட்டால் நாளைக்கு அதிகாரி கேட்டாலும் அந்தப் பில்லைக் காட்டினால் போதும்.